லோட் பண்ணாதேங்கோ

2022 மார்ச் மாதக் கடைசி. ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் இல்லை. டேட்டா போடக் காசில்லை, போட்டாலும் சிக்னல் இல்லை. அந்த இருட்டில்தான் எங்களில் ஒருத்தன் புளூடூத்தில் இரண்டு கோப்புகள் அனுப்பினான். ஒன்று கேம்போய் அட்வான்ஸ் எமுலேட்டர். மற்றது 16 எம்.பி. அளவுள்ள ஒரு விளையாட்டு. மூன்று நான்கு பாட்டுக்குரிய இடம்தான். இணையம் தேவையில்லை, போனைச் சூடாக்காது, பட்டரியை உறிஞ்சாது. பெயர் ஃபயர் எம்பிளம். 2003இல் வந்தது. வாள், கோடரி, ஈட்டி, குதிரை, கோட்டை. சதுரங்கம் மாதிரி கட்டம் கட்டமாய் ஆளை நகர்த்தி அடிபடுகிற மத்தியகாலப் போர்.

மூன்று கிழமையில் எங்கள் கூட்டம் முழுக்க அதற்குள் விழுந்துவிட்டது. பெடியள் மட்டுமில்லை, பெட்டையளும்தான். ஒரு இரவு, ஒரே போனைச் சுற்றி ஐந்து தலை. டோர்காஸ் என்று ஒரு பாத்திரம். கோடரிக்காரன். மனைவி நத்தலியின் காலுக்கு வைத்தியம் பார்க்கக் காசில்லாமல் கொள்ளைக்காரரோடு சேர்ந்து, பிறகு மனம் மாறி எங்கள் பக்கம் வந்தவன். அந்த விளையாட்டில் வாள் கோடரியை வெல்லும், கோடரி ஈட்டியை வெல்லும், ஈட்டி வாளை வெல்லும். இதெல்லாம் தெரிந்தும், அவசரத்தில் டோர்காஸை ஒரு வாள்காரனுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டோம். எதிரியின் முறை வந்தது. இரண்டு வெட்டு. டோர்காஸ் செத்துப் போனான்.

ஃபயர் எம்பிளத்தில் செத்தவர் செத்தவர்தான். அடுத்த அத்தியாயத்தில் எழும்பி வரமாட்டார்.

"டேய், லோட் பண்ணடா" என்றது ஒரு குரல். "பண்ணாதை, போனவன் போகட்டும்" என்றது இன்னொரு குரல். அரை மணித்தியாலம் சண்டை. கடைசியில் ஆரோ ஒரு விரல் லோட் பொத்தானை அமத்தியது. டோர்காஸ் திரும்பவும் பழைய கட்டத்தில், ஒன்றும் நடக்காத மாதிரி நின்றான்.

அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை. இந்தக் கட்டுரை அதன் தொடர்ச்சி. நாங்கள் இப்போது எந்தப் பக்கம் என்பதைத் தலைப்பிலேயே சொல்லிவிட்டோம்.

"சும்மா கேம்தானே"

இந்த வசனத்தை இரண்டு கூட்டம் சொல்லுது.

முதலாவது கூட்டம் பெரியாக்கள். "போரைக் கண்ட சனத்தின்ர பிள்ளையள், போனுக்குள்ள வாளைத் தூக்கிக்கொண்டு திரியுதுகள். வெக்கமில்லையோ?" என்று கேட்கிறவர்கள். ரியூசனில், கோயில் வீதியில், சாப்பாட்டு மேசையில் இதைக் கேட்காத ஆள் எங்களில் இல்லை. அவர்களுக்கு இது நேரத்தைக் கொல்லுகிற, மனதை மரக்கவைக்கிற சாமான். வேறொன்றுமில்லை.

இரண்டாவது கூட்டம் எங்கட ஆக்கள்தான். விளையாடுகிறவர்கள். "ஏன்டா பெரிசா யோசிக்கிறாய், சும்மா கேம்தானே, லோட் பண்ணிட்டுப் போ" என்கிறவர்கள்.

இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று எதிர்ப்பதாக நினைக்கின்றன. உண்மையில் இரண்டும் ஒரே விசயத்தைத்தான் நம்புகின்றன: இந்தத் திரைக்குள் நடப்பதில் அர்த்தம் ஒன்றும் இல்லை. ஒரு கூட்டம் அதனால் வெறுக்கிறது, மற்றது அதனால் நிம்மதியாக விளையாடுகிறது. நாங்கள் இரண்டு பேரோடும் முரண்படுகிறோம். நல்ல போர் விளையாட்டு ஒன்று, போரைப் பற்றி ஒரு வாதத்தை வைக்கிறது. ஆர் சாகிறது, ஆர் அனுப்புகிறது, ஆர் கணக்கெடுக்கிறது என்று கேட்கிறது. அந்தக் கேள்வியைக் கேட்க விடாமல் வாயைப் பொத்துகிற கைதான் லோட் பொத்தான்.

எல்லாப் போர் விளையாட்டும் இப்படிக் கேட்பதில்லை என்பதையும் சொல்லவேண்டும். நாங்கள் இருட்டில் இருந்த அதே 2022 ஏப்ரலில், ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2 விளையாட்டுக்கு இந்திய அரச வம்சங்கள் பற்றிய விரிவாக்கம் ஒன்று வந்தது. அதில் ராஜேந்திர சோழனுக்கு ஒரு தனிப் படையெடுப்புக் கதை. "சோழன் வந்திட்டான்" என்று தமிழ் இளைஞர்கள் கொண்டாடினார்கள். எங்களுக்கும் புல்லரிக்காமல் இல்லை. ஆனால் அந்த விளையாட்டில் ஒரு கிராமத்தவரின் விலை 50 உணவு. செத்தால் இன்னொரு 50 போட்டு இன்னொருவரை எடுக்கலாம். பெயர் இல்லை, மனைவி இல்லை, நோய்ப்பட்ட கால் இல்லை. அரசன் உயரத்தில் இருந்து பார்த்தால் சனம் அப்படித்தான் தெரியும். அதை விளையாடலாம், ரசிக்கலாம். ஆனால் அந்த உயரத்தில் நின்று பார்க்கிறோம் என்பது எங்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

எங்கள் போனுக்கு வந்து சேர்ந்த பழைய விளையாட்டுகள் வேறு சாதி. அங்கே ஆளுக்கு ஒரு பெயர்.

எமுலேட்டருக்கு ஒரு நன்றி

பொத்தானைத் திட்டுவதற்கு முதல், அது பூட்டியிருக்கிற பெட்டிக்கு நன்றி சொல்லவேணும். எமுலேட்டர் இல்லாவிட்டால் எங்களுக்கு இந்த உலகமே இல்லை. கேம்போய் அட்வான்ஸ் 2001இல் வந்தது, பி.எஸ்.பி. 2004இல் ஜப்பானில் வந்தது. அந்தக் காலத்தில் எங்கட ஊர்களில் ஆரிடம் இருந்தது இதெல்லாம்? வெளிநாட்டு மாமா கொண்டுவந்தால் உண்டு. பி.பி.எஸ்.எஸ்.பி.பி. என்ற பி.எஸ்.பி. எமுலேட்டரை ஹென்றிக் ரிட்கோர்ட் என்பவர் 2012 நவம்பரில் வெளியிட்டார். இன்றைக்கும் அது இலவசம். விலை குறைந்த அண்ட்ரொய்ட் போனிலும் ஓடும். ஐபோன்காரருக்கு அது 2024 வரைக்கும் அப் ஸ்டோரில் கிடைக்கவில்லை. முதல் தடவையாக இந்த ஒரு விசயத்தில் எங்கட மலிவு போன் முன்னுக்கு நின்றது.

"களவுதானே?" என்று கேட்பீர்கள். எமுலேட்டர் செய்வது களவில்லை என்று 2000ஆம் ஆண்டிலேயே, சோனி தொடுத்த வழக்கொன்றில் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் கொனெக்டிக்ஸ் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. விளையாட்டுக் கோப்பை இணையத்தில் இறக்குவது வேறு விசயம். அதைப் புனிதமாக்க நாங்கள் வரவில்லை. ஆனால் 2023இல் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை வெளியிட்ட ஆய்வின்படி, 2010க்கு முன் அமெரிக்காவில் வெளிவந்த விளையாட்டுகளில் 87 வீதம் இன்று கடையில் வாங்கக் கிடைக்காது. விற்கவும் மாட்டார்கள், நூலகத்திலும் வைக்கமாட்டார்கள், ஆனால் நாங்கள் தொட்டால் குற்றம் என்றால், அந்தக் குற்றத்தைப் பற்றி இன்னொரு நாள் ஆறுதலாய்க் கதைப்போம்.

எமுலேட்டர் எங்களுக்குக் கதவைத் திறந்தது. அதே எமுலேட்டர்தான் அந்த அறைக்குள் இருந்த கனமான சாமானைக் களவாய் வெளியே எடுத்துவிட்டது.

பொத்தான் என்ன செய்கிறது

ஃபயர் எம்பிளம் தொடரின் முதல் விளையாட்டு 1990இல் ஜப்பானில் வந்தது. வடிவமைத்தவர் ஷோஸோ காகா. அதுவரைக்கும் போர் விளையாட்டு என்றால் பெயரில்லாத சிப்பாய்க் கூட்டம். காகா ஒவ்வொரு சிப்பாய்க்கும் முகமும் பெயரும் கொடுத்தார். கொடுத்துவிட்டு, செத்தால் திரும்பி வரமாட்டார் என்று சட்டமும் போட்டார். இந்த இரண்டும் ஒன்றாகத்தான் வேலை செய்யும். பெயர் இருப்பதால் சாவு கனக்கிறது. சாவு இருப்பதால் பெயர் மனதில் நிற்கிறது. ஒன்றைக் கழற்றினால் மற்றதும் விழும்.

கேம்போய் அட்வான்ஸில் வந்த பாகங்கள் இந்த விசயத்தில் கறார். ஒவ்வொரு அசைவுக்குப் பிறகும் விளையாட்டு தானாகவே சேமித்துக்கொள்ளும். கருவியை நிறுத்திப் போட்டாலும், திரும்பப் போடும்போது விட்ட அதே இடத்தில்தான் நிற்பீர்கள். சாவுக்கு முந்திய கணத்துக்குப் போக வழியில்லை. டோர்காஸ் வேண்டுமென்றால் முழு அத்தியாயத்தையும் முதலிலிருந்து ஆடவேணும். ஒரு மணித்தியாலம்கூடப் போகலாம். மீட்கலாம், ஆனால் விலை உண்டு.

எமுலேட்டரின் சேவ் ஸ்டேட் அந்த விலையைப் பூச்சியமாக்குகிறது. எந்த நொடியையும் சேமிக்கலாம், எந்த நொடிக்கும் திரும்பலாம்.

"அதிலென்ன பிழை?" பிழை, அது எங்களை மாற்றுகிற விதத்தில் இருக்கிறது. இதை நாங்கள் எங்களிலேயே பார்த்தோம். லோட் பழகின பிறகு எங்கள் ஆட்டம் எப்படி மாறினது தெரியுமா? ரெபெக்கா என்று ஒரு வில்லாளி. கிராமத்துத் தலைவரின் மகள். இருட்டுக்குள் எதிரி எங்கே நிற்கிறான் என்று தெரியாத இடத்தில், முதலில் அவளை அனுப்புவோம். "போய்ப் பாக்கட்டும், செத்தா லோட் பண்ணுவம்." செத்தாள். எதிரி எங்கே என்று தெரிந்தது. லோட். அடுத்த ஆள். ஒரு அத்தியாயத்தில் ரெபெக்காவை நாங்கள் ஆறு தடவை கொன்றிருக்கிறோம். திரையில் கடைசியில் எல்லாரும் உயிரோடு, வெற்றி. எங்கள் விரலுக்கு மட்டும்தான் தெரியும் அவள் எத்தினை தரம் செத்தாள் என்று. பிறகு விரலும் மறந்து போனது.

இதற்குப் பெயர் என்ன? அனுப்புகிறவன் ஒன்றும் இழக்காத போர். போகிறவளின் சாவு அனுப்புகிறவனுக்கு வெறும் தகவல். உலகத்தில் எல்லாத் தளபதிமாரும் கனவு காண்கிற போர் அதுதான். எங்கட வயதுக்காரர் அதை இரவு இரவாய்ப் பயிற்சி எடுக்கிறோம், அதுவும் "சும்மா கேம்தானே" என்று சொல்லிக்கொண்டு.

லோட் பண்ணாமல் ஆடும்போது நடப்பது வேறு. ஒவ்வொரு அடிக்கும் முன் ஒரு வீதம் திரையில் தெரியும். அந்தப் பாகங்களில் அந்த எண் முழு உண்மை இல்லை என்பதுகூட ஆடி ஆடித்தான் விளங்கும். உள்ளே இரண்டு எண்களைக் குலுக்கி அவற்றின் சராசரியைத்தான் பார்க்கிறார்கள். 70 என்று காட்டினால் உண்மையில் 82 வீதத்துக்குக் கிட்ட விழும். 30 என்று காட்டினால் 18 வீதம்தான். நம்பிக்கை உள்ள அடியை அது இன்னும் நம்பிக்கையாக்கும், நம்பிக்கை குறைந்ததை இன்னும் குறைக்கும். இதெல்லாம் தெரிந்தவன், எதிரிக்கு 30 என்று திரை காட்டினாலும், அந்த 18 வீதத்தை நினைத்து ஒரு கணம் நிற்பான். ஆளைப் பின்னால் இழுப்பான். குணமாக்குகிறவரைக் கிட்ட கொண்டுவருவான். ஒரு முறை மெதுவாகப் போனால் என்ன என்று யோசிப்பான். அந்த ஒரு கணத் தயக்கம்தான் இந்த விளையாட்டு கற்பிக்கிற பாடம். லோட் பொத்தான் அந்தத் தயக்கத்தை அழித்துவிடுகிறது.

இன்னொன்று. லோட் பண்ணி அதே அசைவைத் திரும்பச் செய்தால், அந்தப் பாகங்களில் அதே முடிவுதான் வரும். எண்களின் வரிசை முன்னரே தீர்மானமானது. அதனால் "கெட்டிக்காரர்" ஒரு தந்திரம் செய்கிறார்கள். ஆளை நகர்த்தும் பாதையை வளைத்து வளைத்துக் கீறி, எண் வரிசையைத் தள்ளிவிட்டு, தங்களுக்குச் சாதகமான எண் வரும்வரைக்கும் லோட் பண்ணுகிறார்கள். நாங்களும் செய்தோம். ஒருத்தரைக் காப்பாற்றவில்லை அங்கே. விதியின் கணக்குப்புத்தகத்தில் கள்ளக்கணக்கு எழுதிக்கொண்டிருந்தோம். அது அலுப்பு. உண்மையாய்ச் சொல்கிறோம், போர் விளையாட்டைவிட அலுப்பான வேலை.

ஒரு விசயத்தை நேர்மையாய்ச் சொல்லவேண்டும். சேவ் ஸ்டேட்டை முழுதாய்த் தூக்கி எறியச் சொல்லவில்லை. பஸ் வந்துவிட்டது, அம்மா கூப்பிடுகிறா, பட்டரி இரண்டு வீதம். நிறுத்தி வைக்கிறதுக்கு அது நல்ல சாமான். நிறுத்துவது வேறு, நடந்ததை நடக்கவில்லை ஆக்குவது வேறு. எங்கட வழக்கு இரண்டாவதோடுதான். நிறுவனமும் சும்மா இருக்கவில்லை. 2010இல் வந்த ஃபயர் எம்பிளத்தில் "கஷுவல்" முறை வந்தது. அதில் விழுந்த ஆள் அடுத்த அத்தியாயத்தில் திரும்பி வருவார். புதிதாய்ப் பழகுகிறவர் அதில் தொடங்கட்டும், ஆட்சேபணை இல்லை. அங்கேயே நின்றுவிட்டால் மட்டும்தான் எங்களுக்குக் கவலை.

பல்மமூசா

இனி எங்கள் வாதத்தின் நடுவுக்கு வருகிறோம். லோட் பொத்தான் தோற்றுப் போகிற ஒரு இடம் இருக்கிறது.

டக்டிக்ஸ் ஓகர். 1995இல் சூப்பர் ஃபமிகொமில் வந்தது. 2010இல் பி.எஸ்.பி.க்குத் திருத்தி எழுதப்பட்டது. எங்கள் போனில் ஓடுவது அந்த வடிவம். எழுதி இயக்கியவர் யசுமி மட்சுனோ. அந்த நாள்களில் யூகோஸ்லாவியா உடைந்து, அயலவர் அயலவரைக் கொன்றுகொண்டிருந்த செய்திகள்தான் தன்னைப் பாதித்தன என்று அவர் சொல்லியிருக்கிறார்.

கதை நடப்பது வலேரியா என்ற தீவில். அரசன் இறந்தபின் மூன்று இனங்களுக்கு இடையில் போர். பெரும்பான்மை கால்கஸ்தான். முந்திய ஆட்சியில் மேல்நிலையில் இருந்த பக்ரம். ஒடுக்கப்பட்ட சிறுபான்மை வாலிஸ்டர். நீங்கள் டெனம் என்ற வாலிஸ்டர் பெடியன். அக்கா கட்டியுவா, தோழன் வைஸ். உங்கள் ஊர் எரிக்கப்பட்டிருக்கிறது. பழிவாங்கப் புறப்படுகிறீர்கள்.

வலேரியா இலங்கை இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஏனெண்டால் எங்கட ஆக்களுக்கு எதைப் பார்த்தாலும் "இது எங்கட கதைதானே" என்று தாவுகிற பழக்கம் இருக்கு. இது ஜப்பானியர் ஒருவர் பால்கனை நினைத்து எழுதிய கதை. அப்படியே இருக்கட்டும். ஆனால் ஒரு தீவில், இனப்போருக்குப் பிறகு வளர்ந்த பிள்ளைகளின் கையில் இந்தக் கதை வந்து சேரும்போது, அது கேட்கிற கேள்வி எங்கள் காதில் வேறு மாதிரி விழும். அதைத் தடுக்க ஏலாது.

முதல் அத்தியாயத்தின் முடிவில் உங்கள் தலைவர் ரொன்வே பிரபுவின் ஆள் லெயோனார் ஒரு கட்டளையோடு வருகிறார். பல்மமூசா என்ற ஊரில் வாலிஸ்டர் சனம் அடைக்கப்பட்டிருக்கிறது. எங்கட சனம். அவர்களை எழுச்சிக்குக் கூப்பிட்டாயிற்று, அவர்கள் வரவில்லை. களைத்துப் போனார்கள், போர் வேண்டாம் என்கிறார்கள். கட்டளை இதுதான்: ஊரை முழுக்கக் கொல்லு. கால்கஸ்தான் செய்தது என்று சொல்லுவோம். மிச்சமுள்ள வாலிஸ்டர் சனம் கோபத்தில் எழும்பும்.

திரையில் இரண்டு தெரிவு. ஏற்கிறாயா, மறுக்கிறாயா?

எங்களில் முக்கால்வாசிப் பேர் மறுத்தோம். நாங்கள் நல்லவர்கள்தானே. மறுத்தால் என்ன நடக்கிறது? ஊர் எரிகிறது. லெயோனார் உங்களை எதிர்பார்த்து நிற்கவில்லை. உங்கள் தோழன் வைஸ் அவரோடு நிற்கிறான். பழி உங்கள் தலையில். பல்மமூசாவைக் கொன்றவன் டெனம் என்று தீவு முழுக்கப் பேசுகிறது. உங்கள் சனமே உங்களைத் தேடி வேட்டையாடுகிறது.

ஏற்றால்? ஊர் எரிகிறது. உங்கள் கையால். வைஸ் உங்களை விட்டுப் பிரிந்து எதிராகிறான். பொய் வேலை செய்கிறது, சனம் எழும்புகிறது, நீங்கள் வீரன்.

இங்கேதான் எங்கட "கெட்டிக்காரர்" எல்லாரும் லோட் பொத்தானைத் தேடினார்கள். நாங்களும்தான். மறுத்துப் பார்த்தோம், லோட். ஏற்றுப் பார்த்தோம், லோட். வேறு வசனம் ஏதும் ஒளிந்திருக்குமா என்று தேடினோம். இல்லை. ஆயிரம் தரம் லோட் பண்ணினாலும் பல்மமூசாவைக் காப்பாற்ற ஏலாது.

இதில் இன்னும் ஒரு நுணுக்கம் இருக்கு. பி.எஸ்.பி. வடிவத்தில் விளையாட்டே உங்களுக்கு ஒரு பின்னோக்கும் வசதி தருகிறது. சரியட் என்று பெயர். சண்டையில் 50 முறை வரைக்கும் பின்னால் போகலாம். கதையை ஒருமுறை முடித்துவிட்டால் வேர்ல்ட் என்று இன்னொன்று கிடைக்கும். கதையின் பழைய சந்திகளுக்குத் திரும்பிப் போய் மற்றப் பாதையில் நடந்து பார்க்கலாம். எமுலேட்டரின் லோட்டையும் சேர்த்தால் மூன்று பின்வழிகள். கடவுள்கூட இவ்வளவு வசதி கேட்டிருக்கமாட்டார். மூன்றையும் கையில் தந்துவிட்டு மட்சுனோ சொல்லுகிற மாதிரி இருக்கு: போ, போய்ப் பார். நீ எந்தப் பாதையில் வந்தாலும் அந்தச் சனம் அங்கே செத்துக் கிடக்கும். நீ தெரிவு செய்வது அவர்கள் உயிரை அல்ல. அதுக்குப் பிறகு நீ ஆர் என்பதை மட்டும்தான்.

"அப்பிடியெண்டா திரும்பிப் போறதிலயும் பாடம் இருக்குத்தானே?" என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். சரியான கேள்வி. வேர்ல்ட் பாதையில் திரும்பிப் போகிறவன் இரண்டு வழியையும் பார்க்கிறான், இரண்டையும் நினைவில் வைக்கிறான், ஒப்பிடுகிறான். லோட் பண்ணுகிறவன் ஒன்றை அழித்துவிட்டு மற்றதை வைத்துக்கொள்கிறான். ஒன்று நினைவு. மற்றது மறதி. எங்கட சண்டை மறதியோடு.

பல்மமூசாவில் எங்களைக் குத்தினது எதிரியின் கொடுமை இல்லை. எதிரி கொடியவன் என்று சொல்ல ஆயிரம் கதை இருக்கு. கட்டளை எங்கட பக்கத்திலிருந்து, எங்கட சனத்தைக் கொல்ல, எங்கட விடுதலையின் பெயரால் வருகிறது. அதுதான் குத்தினது. இந்தக் கேள்வியை எங்கட ஊரில் வாய்விட்டுக் கேட்டால் என்ன பெயர் கிடைக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். அரசு செய்ததைக் கேட்டால் ஒரு பெயர். எங்கட பக்கம் செய்ததைக் கேட்டால் இன்னொரு பெயர். இறுதிப்போரில் 40,000 பொதுமக்கள் வரைக்கும் இறந்திருக்கலாம் என்று சொன்ன 2011ஆம் ஆண்டு ஐ.நா. நிபுணர் குழு அறிக்கை, இரண்டு தரப்பின் மீதும் நம்பகமான குற்றச்சாட்டுகள் இருப்பதாகத்தான் சொன்னது. நாங்கள் அதில் பாதியைத்தான் வாசிக்கப் பழகியிருக்கிறோம். மற்றவர் மற்றப் பாதியை. ஆளுக்கொரு பாதி லோட் பண்ணி வைத்திருக்கிறோம்.

டெனமின் கதையில் பிறகு இன்னொன்று வரும். அவன் பிறப்பால் வாலிஸ்டரே இல்லை, பக்ரம். ஆருக்காகக் கொன்றானோ அந்த இனம் அவனுடையதில்லை. அதுக்குப் பிறகும் சண்டை பிடிக்கவேணும். ஏன் பிடிக்கிறாய் என்று இப்போதுதான் உண்மையாய் யோசிக்கவேணும். எங்களில் ஒருத்தன் அந்த இடத்தில் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு இரண்டு நாள் தொடவில்லை.

"வெக்கமில்லையோ" என்று கேட்ட பெரியாக்களே, இதைத்தான் நாங்கள் அந்தப் போனுக்குள் செய்துகொண்டிருந்தோம்.

ஆர் எழுதுகிறது

ஒன்றைச் சுருக்கமாய்ச் சொல்லிவிட்டு முடிக்கிறோம். மட்சுனோ பிறகு செய்த ஃபைனல் ஃபன்டசி டக்டிக்ஸ் 1997இல் வந்தது. 2007இல் பி.எஸ்.பி.க்கு வந்தது. அதில் விழுந்த ஆளின் தலைக்கு மேல் ஒரு எண் ஓடும். மூன்று, இரண்டு, ஒன்று, பூச்சியம். அதற்குள் ஓடிப்போய்த் தூக்காவிட்டால் ஆள் ஒரு படிகமாகவோ பெட்டகமாகவோ மாறிவிடும். அவ்வளவுதான். அந்த மூன்று எண்ணுக்குள் ஓடியிருக்கிறீர்களா? லோட் பண்ணுகிறவர்கள் ஓடியிருக்கமாட்டார்கள். ஓடத் தேவையில்லைத்தானே.

அந்தக் கதை முழுக்கவே ஒரு வரலாற்றாசிரியர் சொல்லுவதாக வருகிறது. ஊர் முழுக்க வீரன் என்று கொண்டாடும் டெலிட்டாவுக்குப் பின்னால், மதத்துரோகி என்று பெயர் அழிக்கப்பட்ட ரம்சா என்ற ஒருவன் இருந்தான் என்று அவர் நிறுவப் பார்க்கிறார். உண்மையை எழுதிய அவரது முன்னோரைத் தேவாலயம் எரித்துக் கொன்றது. அந்தக் கதையில் பழைய போரில் சண்டை பிடித்துவிட்டுச் சம்பளம் கிடைக்காமல் கலகக்காரர் ஆன குடியானவர் படைக்கும் இடம் உண்டு. அரச வரலாறு அவர்களைக் கொள்ளைக்காரர் என்று எழுதுகிறது. வென்றவன் எழுதின பக்கத்தை நம்பாதே என்கிறது விளையாட்டு. அதை நாங்கள் வெல்லும்வரைக்கும் லோட் பண்ணி லோட் பண்ணி ஆடினால், நாங்களும் அந்தத் தேவாலயம்தான். தோற்ற பக்கத்தை எரித்துவிட்டு வென்ற பக்கத்தை மட்டும் வைத்திருக்கிறோம்.

எங்கட சட்டம்

இப்போது எங்கள் கூட்டத்தில் மூன்று சட்டம் இருக்கு. உங்களிடமும் கேட்கிறோம், ஒருமுறை முயன்று பாருங்கள்.

ஒன்று: சேவ் ஸ்டேட் நிறுத்தி வைக்க மட்டும். திரும்பித் தொடங்கியதும் அழித்துவிடவேணும். செத்தவரை எழுப்ப அதைத் தொடக்கூடாது.

இரண்டு: ஆள் விழுந்தால் பெயர் எழுதவேணும். அதுக்கு ஒரு சி.ஆர். கொப்பி வைத்திருக்கிறோம். பெயர், எந்த அத்தியாயம், எங்கட என்ன பிழையால். "பிழை" என்ற நிரல் கட்டாயம். விதி, எண், துரதிர்ஷ்டம் என்று எழுதினால் மற்றவர் வெட்டிவிடுவார்கள்.

மூன்று: பல்மமூசா மாதிரி இடம் வந்தால் ஆளுக்கொரு பாதை. பிறகு இருந்து கதைக்கவேணும். இரவு பன்னிரண்டு மணிக்கு ஆரம்பித்து விடியும்வரை போன கதைகள் எங்களிடம் உண்டு. சிலது விளையாட்டைப் பற்றியதாகவே இருக்கவில்லை.

இதெல்லாம் செய்தால் உலகம் திருந்திவிடும் என்று சொல்லவில்லை. 2017 பெப்ரவரியில் இருந்து கிளிநொச்சியில் தங்கள் பிள்ளைகளின் படத்தோடு இருக்கிற அம்மாக்களுக்கு எங்கட கொப்பியால் ஒரு பிரயோசனமும் இல்லை. அது எங்களுக்கு நல்லாய் விளங்கும். ஆனால் அவர்கள் கேட்பது என்ன? ஒரு பெயரையும் கணக்கிலிருந்து விடாதேங்கோ என்றுதானே கேட்கிறார்கள். பெயரைக் கணக்கிலிருந்து விடாத பழக்கம் மனுசருக்குத் தானாய் வருவதில்லை. பழகவேணும். எங்கட தலைமுறை ஒரு நாளைக்கு மூன்று மணித்தியாலம் போனோடு இருக்குது என்றால், அந்த மூன்று மணித்தியாலத்தில் எதைப் பழகுகிறது என்று கேட்கிற உரிமை எங்களுக்கு இருக்கு. மறக்கப் பழகுகிறோமா, எண்ணப் பழகுகிறோமா?

கொப்பியின் முதல் வரியைச் சொல்லி முடிக்கிறோம். அந்த இருட்டு இரவில் லோட் பண்ணி எழுப்பின டோர்காஸ், கடைசி அத்தியாயம்வரை எங்களோடு வந்தான். திரையின்படி அவன் சாகவே இல்லை. ஆனால் கொப்பி தொடங்கின நாள், முதல் பெயராய் ஆரை எழுதுவது என்று வாதாடவில்லை. ஐந்து பேருக்கும் தெரிந்திருந்தது.

டோர்காஸ். பிழை: வாள்காரனைப் பார்த்தும் அவசரப்பட்டோம்.